டெக்கிலிருந்து டீவீடிக்கு ஏற்றும்போது படத்தில் கோடு ஓடுவது ஏன்?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். தருமபுரத்தில் வீடு. அக்காவின் சாமத்தியவீடு, அண்ணாவின் கலியாணம், வற்றாப்பளைப் பொங்கல் என்று ஒரு பெட்டி நிறைய வீஎச்எஸ் கசெற். லண்டனில் இருந்து மாமா அனுப்பிய டீவீடி றெக்கோடர். கசெற் போடும் பழைய டெக் ஒன்று. இரண்டையும் அன்ரனா வயரால் தொடுத்திருக்கிறீர்கள். ரீவியில் நேரே போட்டால் படம் பரவாயில்லை. றெக்கோடரில் ஏற்றினால் சாய்வாக மெல்லிய கோடுகள் ஓடுகின்றன, படத்தின் மேற்பகுதி ஒரு பக்கம் வளைகிறது, இடையில் "கொப்பி பண்ண முடியாது" என்று சொல்லி றெக்கோடர் நின்றும் விடுகிறது. றெக்கோடர் பழுதோ, திருப்பி அனுப்பவோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்ப வேண்டாம். அது அநேகமாக நல்லாய்த்தான் இருக்கும். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு வருத்தங்கள், மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. கோடு வயர் வழியாகவோ கரண்ட் வழியாகவோ வருகிறது. வளைவு கசெற்றில் இருக்கிறது. நின்றுபோவது பெரும்பாலும் அந்த வளைவின் கூடப்பிறந்தது.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை. ஒவ்வொரு கசெற்றின் முதுகிலும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை டெக்கில் தவறி றெக்கோட் பட்டனை அமத்தினால் அக்காவின் சாமத்தியவீட்டுக்கு மேல் வெறும் புள்ளிமழை பதிந்துவிடும். சோதனைக்கும் அருமையான கசெற்றை எடுக்காதீர்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய, வீட்டில் பதிந்த ஒரு கசெற் போதும்.

பிறகு கோடு எந்த இடத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். டெக்கை மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயரால் நேரே ரீவிக்குக் கொடுத்துப் பாருங்கள். அடுத்து டெக்கிலிருந்து றெக்கோடருக்கும், றெக்கோடரிலிருந்து ரீவிக்கும் கொடுத்து, பதியாமல் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். கடைசியாகப் பதிந்ததைப் போட்டுப் பாருங்கள். முதலாவதிலேயே கோடு இருந்தால் டெக்கோ, கசெற்றோ, டெக்குக்கு வரும் கரண்டோதான் காரணம். இரண்டாவதில் தொடங்கினால் வயர், எர்த், கரண்ட். மூன்றாவதில் மட்டும் சதுரம் சதுரமாக உடைந்தால் பதிகிற தரத்தைக் குறைத்து வைத்திருக்கிறீர்கள். இதைச் செய்யாமல் வயரை மாற்றி, டெக்கை மாற்றி, ரீவியை மாற்றித் திரிந்தால் காசுதான் போகும்.

இப்போது சாய்கோடு. அன்ரனா வயரால் தொடுத்தேன் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. டெக்கின் அன்ரனா வாயிலால் போகும்போது படம் ஒரு குட்டி ஒலிபரப்பாக மாறித்தான் போகிறது. டெக்குக்குள் இருக்கும் மொடுலேற்றர் அதை யூஎச்எப் 36ஆம் சனல் பக்கத்தில் ஏற்றி அனுப்பும், றெக்கோடர் திரும்பவும் ரியூன் பண்ணி இறக்கும். அந்தச் சனலுக்குக் கிட்ட வேறு எதுவும் இருந்தால் இரண்டும் மோதும். மோதினால் மீன்முள்ளுப் போல சாய்கோடு விழும். சில றெக்கோடர்களுக்குள்ளும் ஒரு மொடுலேற்றர் இருக்கிறது, அதுவும் அதே சனல் பக்கத்தில். போதாததற்கு 2011இல் திறந்த கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம் பக்கத்திலேயே நிற்கிறது. அதிலிருந்து வரும் ரீவி அலை, பின்னல் கவசம் கிழிந்த அன்ரனா வயருக்குள் சுகமாக ஏறும். போர்க்காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. கரண்டே இல்லை.

ஆகவே அன்ரனா வயரைக் கழற்றிவிடுங்கள். டெக்கின் மஞ்சள் ஓட்டையில் இருந்து றெக்கோடரின் மஞ்சள் ஓட்டைக்குக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டெக் என்றால் பின்னால் ஸ்கார்ட் என்ற அகலமான சொக்கெற் மட்டும் இருக்கக்கூடும். அதற்கு ஏவியாக மாற்றும் தலை ஒன்று வேண்டும். அதில் உள்ளே, வெளியே என்று மாற்றுகிற சுவிற்ச் இருந்தால் வெளியே பக்கம் தள்ளியிருக்க வேண்டும். தள்ளாமல் "படமே வரவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

மஞ்சள் வயரிலும் கண் வையுங்கள். படத்துக்குப் போவது 75 ஓம் வயராக, கவசம் நெருக்கமாகப் பின்னியதாக இருக்க வேண்டும். பாட்டுப் பெட்டிக்கு வரும் மெல்லிய வயரை நீளமாக இழுத்துப் படத்துக்குப் போட்டால் அது தானே ஒரு அன்ரனா ஆகிவிடும். ஒரு மீற்றருக்குள் முடிகிற தடித்த வயர் எடுங்கள். கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். போனையும் பக்கத்தில் வைக்காதீர்கள். அழைப்பு வரும்போது சத்தத்தில் டிக்டிக் என்று கேட்பது அதுதான்.

இன்னொரு பழக்கம். பதியும்போது ரீவியிலும் பார்க்க வேண்டும் என்று மஞ்சள் வயரில் ஒரு "வை" இணைப்புப் போட்டு, ஒரு கிளை றெக்கோடருக்கு, மற்றது ரீவிக்கு என்று கொடுப்பார்கள். செய்யாதீர்கள். டெக் தருவது ஒரு வோல்ற் படம், ஒரு சுமைக்கு. இரண்டு சுமையை மாட்டினால் அது மூன்றில் இரண்டாகக் குறைந்துவிடும். படம் இருளும். கூடவே, ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிங் துடிப்பும் மெலியும். அது மெலிந்தால் றெக்கோடர் தடுமாறும். ரீவியை எப்போதும் றெக்கோடரின் வெளி ஓட்டையில் மாட்டுங்கள்.

வயரை மாற்றியபின் சாய்கோடு போய், அகலமான மங்கல் பட்டை ஒன்று மெதுவாக மேலேயோ கீழேயோ ஊர்ந்தால் அது எர்த் தகராறு. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், எங்கள் நாட்டு ரீவி முறையான பால் (PAL) முறையில் படமும் செக்கனுக்கு 50 தடவை விழுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பட்டை அசையாமல் நிற்பது போல ஊரும். ஜெனரேற்றரில் ஓடினால் அதன் வேகம் ஏறி இறங்க, பட்டையும் வேகமாக ஓடும். ஓடும் வேகத்தைப் பார்த்தே இது கரண்டோடு சேர்ந்த வருத்தம் என்று சொல்லிவிடலாம்.

பட்டை வந்தால் முதலில் டிஷ் வயரையும் கூரை அன்ரனா வயரையும் றெக்கோடரிலிருந்தும் ரீவியிலிருந்தும் கழற்றுங்கள். கூரையில் உள்ள டிஷ் ஒரு இடத்தில் மண்ணைத் தொடுகிறது, டெக் வேறு இடத்தில் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் மஞ்சள் வயரின் கவசத்தால் கரண்ட் கசிந்து ஓடுகிறது. கழற்றியதும் பட்டை போனால் கதை முடிந்தது, கசெற் ஏற்றும் நாட்களில் டிஷ் இல்லாமல் இருங்கள். போகாவிட்டால் டெக், றெக்கோடர், ரீவி மூன்றையும் ஒரே மல்ரி பிளக்கில் குத்துங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் பட்டை போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆனால் 230 வோல்ற் பெட்டியில் எர்த்தை வெட்டிவிட்டு ஈரக்கையோடு தொட்டால் ஆளும் போகலாம்.

சோலர் வீடு என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மலிவு இன்வேட்டர்கள் தருவது வடிவான அலை இல்லை, படிக்கட்டாக வெட்டிய அலை. அதில் ஓடும் டெக்கில் மெல்லிய கோடுகளும் இரைச்சலும் வரும். பற்றரிக்கு ஏற்றும் கொன்ரோலரும் வெயில் நேரத்தில் தன் பங்குக்கு இரையும். லைன் கரண்ட் இருக்கிற வீட்டில் ஒருக்கால் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பொழுதுபட்டு, சோலர் ஏற்றுவது நின்ற பிறகு பதியுங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் நாங்கள், சுத்தமான கரண்ட் எங்கே கிடைக்கும் என்று தேடுவது புதிதில்லை.

டெக்கே கோட்டைத் தருவதும் உண்டு. பவர் பகுதியில் உள்ள கப்பாசிற்றர்கள் வருடக்கணக்கில் வெக்கைக்குள் இருந்து காய்ந்துபோகும். அப்போது படம் முழுக்க மணல் தூவியது போலவோ மெல்லிய கோடாகவோ வரும். டெக் சூடாகச் சூடாகக் கொஞ்சம் தெளியும். அதுதான் அடையாளம். போட்டவுடன் மோசம், அரை மணித்தியாலத்தில் பரவாயில்லை என்றால் கப்பாசிற்றர் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். மாற்றுவது சின்ன வேலை, பொருளும் மலிவு. ஆனால் பழக்கமில்லாமல் மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கை இழுத்த பிறகும் உள்ளே ஒரு பெரிய கப்பாசிற்றரில் 320 வோல்ற்றுக்கு மேல் தங்கி நிற்கும். ரீவி திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

சரி, இனி அந்த வளைவுக்கு வருவோம். இதில்தான் கனபேர் மாதக்கணக்காக அலைகிறார்கள், ஏனென்றால் "ரீவியில் வடிவாய்த் தெரிந்ததே" என்ற நினைப்பு விடாது. பால் படத்தில் ஒரு கோடு சரியாக 64 மைக்றோ செக்கன். ஆனால் கசெற் என்பது சுழலும் உருளையில் சுற்றி இழுபடும் பிளாஸ்ரிக் நாடா. இழுவை கொஞ்சம் கூடினால் கோடு நீளும், குறைந்தால் சுருங்கும். பழைய குழாய் ரீவி இதைப் பொறுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடும். படத்தின் ஓரங்களையும் சட்டத்துக்குள் மறைத்துவிடும். றெக்கோடர் அப்படிப் பொறுக்காது. ஒவ்வொரு கோட்டையும் கணக்காக அளந்து எண்ணாக மாற்ற வேண்டிய சாமான் அது. கணக்குத் தப்பினால் படம் வளையும், துள்ளும், சில இடத்தில் ஒரு படத்தையே விட்டுவிடும். பிறகு மணவறைக் காட்சியில் ஐயரின் வாயும் மந்திரமும் பொருந்தாமல் போகும்.

வளைவு ஏன் மேலே மட்டும்? டெக்கின் உருளையில் இரண்டு ஹெட் மாறி மாறிப் படிக்கின்றன. ஒன்று விட்டு மற்றது பிடிக்கும் இடம் படத்தின் அடியில், கடைசிச் சில கோடுகளில் வருகிறது. நாடா இழுபட்டோ சுருங்கியோ இருந்தால் இரண்டாவது ஹெட் பிடிக்கும்போது நேரம் தவறியிருக்கும். அந்தத் தவறு அடுத்த படத்தின் தலையில் தெரியும், கீழே வர வர நேராகிவிடும். அடியில் நெளியும் அந்த ஒரு சிறு பட்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது எல்லா வீஎச்எஸ்ஸிலும் உண்டு, ரீவி இவ்வளவு காலமும் மறைத்து வைத்திருந்தது.

இதற்குச் செலவில்லாத வேலை முதலில். கசெற்றைப் போடுவதற்கு முன் கடைசிவரை ஓடவிட்டு, திரும்பத் தொடக்கம்வரை சுற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்காக ஒரே சுற்றில் இறுகிக் கிடந்த நாடா கொஞ்சம் தளரும். பல கசெற்றுகளில் இதுவே வித்தியாசத்தைக் காட்டும். அடுத்து ட்ராக்கிங், அதாவது நாடாவில் பதிந்த தடத்துக்கு நேரே ஹெட்டைக் கொண்டுவருவது. தானாகச் செய்கிற ட்ராக்கிங்கை நம்பாமல் கையால் திருப்பி, புள்ளி ஆகக் குறைகிற இடத்தில் விடுங்கள். டெக்கில் "எடிற்" என்ற சுவிற்ச் இருந்தால் போடுங்கள், படத்தைக் கூராக்கும் வேலையை நிறுத்திவிடும். கூராக்கினால் புள்ளியும் கூராகும். நீலத் திரை போடும் வசதியை நிறுத்துங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் டெக் நீலத்தைத் தூக்கிப் போட்டால் றெக்கோடர் குழம்பி நிற்கும்.

இதெல்லாம் செய்தும் வளைந்தால் ரீபீசீ என்ற நேரம் திருத்தும் கருவி வேண்டும். தனியாக வாங்கினால் விலை கடுமை. ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பனசொனிக் டிஎம்ஆர் ஈஎஸ்10, ஈஎஸ்15 என்ற பழைய டீவீடி றெக்கோடர்களுக்குள் கோடுகளை நேராக்கும் வசதி நல்லாய் இருக்கிறது. அவற்றில் பதிய வேண்டியதில்லை. டெக்கை அதற்குள் கொடுத்து, அதன் வெளி ஓட்டையை உங்கள் றெக்கோடருக்குக் கொடுத்தால் போதும். படம் அதற்குள்ளால் போகும்போதே வளைவு நிமிர்ந்துவிடும். டிஸ்க் ஏற்காத பழுதானது என்றாலும் இந்த வேலைக்குக் காணும். லண்டனில் பழைய சாமான் விற்கிற இடங்களில் மாமா தேடிப் பார்க்கலாம்.

"கொப்பி பண்ண முடியாது" என்று நின்றதும் இதோடு சேர்ந்தது. 1985 அளவில் இருந்து கொம்பனிப் படக் கசெற்றுகளில் மக்றோவிசன் என்ற தடுப்பு வந்தது. கண்ணுக்குத் தெரியாத மேல் கோடுகளில் சில துடிப்புகளைச் செருகி வைப்பார்கள். றெக்கோடர் அதைக் கண்டால் நிறுத்தும், பழைய டெக் என்றால் படம் வெளித்து வெளித்து இருளும். உங்கள் அக்காவின் கசெற்றில் யாரும் அதைச் செருகவில்லை. தேய்ந்த நாடாவின் அழுக்குச் சிக்னல் அதே இடத்தில் துடிப்பதால் றெக்கோடர் ஏமாறுகிறது. ஹெட்டைத் துடைத்து, ட்ராக்கிங்கைச் சரி பார்த்து, மேலே சொன்ன பெட்டியையும் இடையில் வைத்தால் பெரும்பாலும் தீரும். உண்மையான கொம்பனிப் படக் கசெற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்தப் படம் டிஸ்க்காகவே கிடைக்கக்கூடும்.

ஹெட் துடைப்பது என்றதும் பஞ்சுக்குச்சியைத் தூக்குகிறவர்கள் உண்டு. கூடாது. பஞ்சு நார் ஹெட்டின் நுனியில் மாட்டினால் அதைப் பிடுங்கிக்கொண்டே வரும். பிளக்கை இழுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, நூல் பிரியாத மெல்லிய துணி அல்லது தடித்த வெள்ளைக் கடதாசித் துண்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனையுங்கள். அதை உருளையின் பக்கத்தில் மெதுவாக ஒட்டி, அசைக்காமல் பிடியுங்கள். மற்றக் கையால் உருளையை மேலே தொட்டுச் சுற்றுங்கள். துணி நிற்க வேண்டும், உருளை சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். கடதாசியில் கறுப்புக் கோடு இறங்கும், அது இறங்குவது நிற்கும்வரை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். காய்ந்த பிறகுதான் கசெற் போட வேண்டும். இந்த வேலைக்கும் மேலே சொன்ன பவர் பகுதிப் பக்கம் கை போகக் கூடாது. பயமாக இருந்தால் இதையும் திருத்துகிறவரிடமே விடுங்கள்.

ஹெட் அப்படி அழுக்காவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இடம்பெயரும்போது உரப் பையில் சுற்றி மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்த கசெற்றுகள். கூரையில்லாத வீட்டில் மாரி மழையில் நனைந்து கிடந்தவை. கசெற்றின் கண்ணாடிக்குள்ளால் சுற்றின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக மினுங்கினால் நல்லது. வெள்ளைத் தூள் படிந்திருந்தால் பங்கஸ். அதைப் போட்டால் அந்தக் கசெற்றும் போகும், டெக்கும் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல கசெற்றுக்கும் தொத்தும். பங்கஸ் பிடித்தவற்றை வேறாக எடுத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கி மூடிய வாளிக்குள் காய விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், நாடா சுருண்டுவிடும். காய்ந்த தூளை முகமூடி போட்டுக்கொண்டு, வெளியில் வைத்துத் துடைக்க வேண்டும். பெட்டி உடைந்திருந்தால் அடியில் ஐந்து ஸ்குரூ இருக்கும். கழற்றி இரண்டு சுற்றையும் நல்ல கசெற்றின் பெட்டிக்குள் மாற்றலாம். அறுந்த நாடாவைச் சாதாரண செலோரேப்பால் ஒட்டவே கூடாது, பசை கசிந்து ஹெட்டில் பூசும்.

மோசமான கசெற் என்றால் அதோடு மல்லாடுவதற்கு முன், அதே கலியாணக் கசெற்றின் இன்னொரு கொப்பி சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டு அலுமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் கலியாணம் முடிந்ததும் வெளிநாட்டுக்கு ஒரு கொப்பி போகாத வீடு குறைவு. அங்கே குளிரில், மழை படாமல், ஓரிரு தடவை மட்டும் பார்த்து வைத்த கொப்பி எங்களிடம் இருப்பதை விட நல்லாய் இருக்கும். ஆனால் கனடாவில் இருந்து வருவது வேறு கதை. அங்கே என்ரிஎஸ்சீ முறை, 525 கோடு, செக்கனுக்கு 60 தடவை. எங்கள் பால் 625 கோடு, 50 தடவை. பல டெக்குகள் கனடாக் கசெற்றையும் போட்டுக் காட்டும், ஆனால் இரண்டும் கலந்த ஒரு அரைகுறை முறையில் வெளியே அனுப்பும். ரீவி அதை ஏற்கும், றெக்கோடர் கறுப்பு வெள்ளையாகப் பதியும் அல்லது படத்தை உருட்டும். அதற்கு என்ரிஎஸ்சீயை அப்படியே தருகிற மல்ரி சிஸ்ரம் டெக் வேண்டும், றெக்கோடரையும் என்ரிஎஸ்சீக்கு மாற்ற வேண்டும். பிரான்ஸ் கசெற் நிறமில்லாமல் வந்தால் அது சீகாம் முறையாக இருக்கலாம். கசெற்றின் மேலே ஈ-180 என்று இருந்தால் பால் நாட்டில் வாங்கியது, ரி-120 என்றால் என்ரிஎஸ்சீ நாட்டில் வாங்கியது என்று ஒரு குத்துமதிப்புக்கு எடுக்கலாம்.

பதியும்போது ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணித்தியாலம் அல்லது இரண்டு மணித்தியாலம் என்ற தரத்தை விட்டுக் கீழே இறங்காதீர்கள். புள்ளி நிறைந்த பழைய படம்தான் றெக்கோடருக்குக் கூடுதல் வேலை, நான்கு மணித்தியாலத்தில் அடைத்தால் முகங்கள் சதுரமாக உடையும். உள்வரும் முறையைத் தானியங்கியில் விடாமல் பால் என்று நிறுத்திவிடுங்கள். முதலில் அழித்து எழுதக்கூடிய டிஸ்க்கில் பத்து நிமிடம் பதிந்து பாருங்கள், பிறகு முழுதாக. முடிந்ததும் பைனலைஸ் பண்ணி, அதாவது மற்றப் பிளேயர்களும் படிக்கக்கூடியதாக டிஸ்க்கை முடித்து, வேறு பிளேயரில் ஓடுகிறதா என்று பார்த்து, ஒரு கொப்பியைக் கொம்பியூட்டருக்கும் மாற்றுங்கள். எங்கள் வெக்கையில் எழுதிய டிஸ்க்குகள் கனகாலம் நிற்பதில்லை. கசெற்றை எறிய வேண்டாம்.

ஏவி வயரால் தொடுத்து, டிஷ்ஷைக் கழற்றிய பிறகும் சாய்கோடு நின்றால் டெக்கின் மொடலையும், கோடு நிற்கிறதா ஓடுகிறதா என்பதையும், கரண்ட் லைனா சோலரா என்பதையும் எழுதுங்கள். பதிந்ததைப் போன் கமராவால் ஒரு சின்னத் துண்டு வீடியோ எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.